'கேட்' மதிப்பெண் மட்டும் போதுமா? பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும் மேலாண்மைக் கழகக் கணக்கு

ஆஸ்டின் டவுனில் இருந்து லாங்போர்டு ரோடு கூப்பிடு தூரம். ஐ.ஐ.எம். என்று இன்று எல்லோரும் சொல்லும் இந்திய மேலாண்மைக் கழகம் 1973-ம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பட்டபோது, அந்த லாங்போர்டு ரோட்டில்தான் வாடகைக் கட்டிடத்தில் நடந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி பிரதமர் இந்திரா காந்தி அதைத் தொடங்கி வைத்தார். அன்றைக்கு இந்த மாநிலத்துக்கு மைசூர் என்றுதான் பெயர். கர்நாடகம் என்று பெயர் மாறியது நான்கு நாள் கழித்து, நவம்பர் 1-ந் தேதி!

பத்து ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு, 1983-ல் கழகம் பன்னர்கட்டா ரோட்டில் உள்ள சொந்த இடத்துக்குப் போயிற்று. சிற்பக் கலைஞர்கள் வியக்கும் கருங்கல் கட்டிடம் அது, வடிவமைத்தவர் பி.வி.தோஷி. பக்கத்து ரோட்டில் இருந்தவரை அதன் வாசலைத் தாண்டி வேலைக்குப் போய் வந்த தமிழர்கள் உண்டு. உள்ளே என்ன படிப்பு, யார் சேரலாம் என்று விசாரித்தவர்கள் குறைவு. தூரப் போன பிறகுதான் விசாரணை தொடங்கியிருக்கிறது.

இன்று ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக்நகர் பகுதிகளில் பி.காம்., பி.பி.எம்., பி.இ. படித்த பிள்ளைகள் இல்லாத தெரு இல்லை. 'அடுத்து எம்.பி.ஏ.' என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது. பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் '99 பர்சன்டைல்' என்ற எழுத்து கொட்டை கொட்டையாகத் தெரிகிறது. ஒரு பரீட்சை, அதில் நல்ல மதிப்பெண், அவ்வளவுதான், கதவு திறந்துவிடும் என்று பெற்றோர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் சேமிப்புப் பணத்தை எடுத்துக் கட்டுகிறார்கள்.

கதவு அப்படித் திறப்பதில்லை என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்து கொள்வது நல்லது.

பர்சன்டைல் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பர்சன்டைல் என்பது நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்ற கணக்கு அல்ல. வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதுதான் அது. 2024 நவம்பர் 24-ந் தேதி நடந்த 'கேட்' தேர்வை ஏறத்தாழ 2 லட்சத்து 93 ஆயிரம் பேர் எழுதினார்கள். அதில் 99 பர்சன்டைல் வாங்கியவருக்கு முன்னால் ஏறத்தாழ 2,930 பேர் நிற்கிறார்கள். 90 பர்சன்டைல் என்றால் முன்னால் நிற்பவர்கள் 29 ஆயிரத்துக்கும் மேல். பன்னர்கட்டா ரோட்டுக் கழகத்தின் இரண்டு ஆண்டுப் படிப்புக்கு உள்ள இடங்களோ ஐந்நூறைச் சுற்றித்தான். வெயிட்டிங் லிஸ்ட் எண்ணைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2024-ம் ஆண்டுத் தேர்வில் 68 கேள்விகள். மொத்தம் 204 மதிப்பெண். இரண்டு மணி நேரம். ஆங்கில வாசிப்பு ஒரு பகுதி, புள்ளி விவரங்களை வைத்துப் புதிர் அவிழ்ப்பது ஒரு பகுதி, கணக்கு ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், கொடுத்த விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 மதிப்பெண் போய்விடும். வினாத்தாள் எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் அடையாளம்: மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட வாங்காதவர்கள் 99 பர்சன்டைலுக்கு வந்திருக்கிறார்கள். ஒரே நாளில் மூன்று வேளையாகத் தேர்வு நடப்பதால், ஒரு வேளையின் வினாத்தாள் கடினமாக இருந்தால் அதைச் சரிக்கட்டி மதிப்பெண் போடுவார்கள். ரயில்வே தேர்வு எழுதிய இளைஞர்களுக்கு இந்தச் சரிக்கட்டல் புதிதல்ல.

இவ்வளவு கஷ்டப்பட்டு 99 வாங்கிய பிறகு? பெங்களூரோ ஆமதாபாத்தோ நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைக்காமல் விட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். 95, 96-ல் அழைப்பு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். 'சிபாரிசு' என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். சிபாரிசு அல்ல. காரணம் 'புரொபைல்'.

வெளிச்சத்துக்கு வந்த கதை

புரொபைல் என்றால் ஒரு விண்ணப்பதாரரின் முழு வரலாறு. பத்தாம் வகுப்பில் எத்தனை, பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை, பட்டப்படிப்பில் எத்தனை, எத்தனை மாதம் வேலை பார்த்தார், ஆணா பெண்ணா, என்ன பாடம் படித்தார் என்று அத்தனையும் எண்ணாக மாற்றப்பட்டு, 'கேட்' மதிப்பெண்ணோடு சேர்க்கப்படுகிறது. அந்தக் கூட்டுத் தொகையை வைத்துத்தான் யாரை அழைப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

இந்தக் கணக்கு வெளியே தெரிய வந்ததற்கே பெங்களூர்க் கழகம் தொடர்பான ஒரு வழக்காடல்தான் பெரிய காரணம். 2007-ல் பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவி 'கேட்' தேர்வில் 89-க்கு மேல் பர்சன்டைல் வாங்கியிருந்தார். பெங்களூர்க் கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் அவர் கையில் இருந்தது. அதன்படி மனுப் போட்டார். எந்த அளவுகோலால் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைக் கழகம் சொல்ல வேண்டியதாயிற்று. நுழைவுத் தேர்வைத் தவிர, பள்ளிக்கூட மதிப்பெண்களுக்கும் அங்கே பெரிய பங்கு இருக்கிறது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

இன்று கழகங்கள் தங்கள் சேர்க்கை விதிகளை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. யார் வேண்டுமானாலும் படித்துக் கொள்ளலாம். ஒரு மாணவி கேட்ட கேள்வியால் திறந்த ஜன்னல் அது. ஆனால் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டும் பெற்றோர்களில் எத்தனை பேர் அந்த விதியை எடுத்துப் பார்க்கிறார்கள்?

500-க்கும் 501-க்கும் உள்ள வித்தியாசம்

ஆமதாபாத் கழகத்தின் விதியைப் பார்த்தால் புரொபைலின் பலம் நன்றாகப் புரியும். அண்மை ஆண்டுகளில் அங்கே நேர்முகத் தேர்வுக்கு ஆள் எடுக்கும்போது 'கேட்' மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கு 65 பங்கு. விண்ணப்பதாரரின் பழைய வரலாற்றுக்கு 35 பங்கு. அந்த வரலாற்றில் பத்தாம் வகுப்புக்கு மட்டும் அதிகபட்சம் 10 புள்ளிகள். 90 சதவிகிதத்துக்கு மேல் என்றால் 10 புள்ளி. 80-க்கு மேல் 90 வரை 8 புள்ளி. 70-க்கு மேல் 80 வரை 5 புள்ளி. 60-க்கு மேல் 70 வரை 3 புள்ளி. 55-க்கு மேல் 60 வரை 2. அதற்கும் கீழே 1.

கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி.யில் மொத்தம் 625 மதிப்பெண். அதில் 500 வாங்கினால் சரியாக 80 சதவிகிதம், 5 புள்ளி. 501 வாங்கினால் 8 புள்ளி! முதல் மொழித் தாளில், அது தமிழோ கன்னடமோ, ஒரு கட்டுரையில் ஒரு மதிப்பெண் கூடியிருந்தால் ஏழெட்டு வருடம் கழித்து மூன்று புள்ளி கிடைத்திருக்கும். 'மொழிப் பாடம்தானே, பாஸானால் போதும்' என்று பிள்ளைகளைக் கணக்குக்கும் சயன்சுக்கும் மட்டும் டியூஷன் அனுப்பும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் உள்ள எல்லாப் பாடமும் கணக்கில் வருகிறது. எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்றப் பாடங்களுக்கு 100. முதல் மொழிக்கோ 125.

பெங்களூர்க் கழகம் இப்படிப் படிக்கட்டு வைக்காமல் வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு போர்டிலும் மதிப்பெண் போடும் தாராளம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மத்திய போர்டு ஒரு விதம், கர்நாடக போர்டு ஒரு விதம், தமிழ்நாட்டு போர்டு ஒரு விதம். ஆகவே, அந்தந்தப் போர்டில் படித்து 'கேட்' எழுதியவர்களின் மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, அதில் 90-வது பர்சன்டைலில் இருப்பவரின் மதிப்பெண்ணை அளவுகோலாக வைத்து, மாணவரின் மதிப்பெண்ணை அதனால் வகுக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு போர்டில் அந்த அளவுகோல் 95 என்று வைத்துக்கொண்டால், 88 வாங்கியவரின் கணக்கு 88-ஐ 95-ஆல் வகுத்து வருவது. இன்னொரு போர்டில் அளவுகோல் 90-ஆக இருந்தால் அதே 88 இன்னும் உயர்ந்து நிற்கும். போர்டுக்குப் போர்டு உள்ள ஏற்றத்தாழ்வை நீக்க இது நியாயமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

போர்டுக்கு நியாயம், வீட்டுக்கு?

ஆனால் போர்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த வகுத்தல் சரிசெய்கிறது. வீடுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அது தொடுவதில்லை. ஒரே போர்டு, ஒரே ஆண்டு, ஒரே வினாத்தாள். ஒரு பிள்ளைக்குத் தனி அறை, தனி டியூஷன், படித்த பெற்றோர். இன்னொரு பிள்ளைக்கு ஒரே அறை வீடு. தம்பி தங்கைகள் தூங்கிய பிறகு படிப்பு. காலையில் தண்ணீர் பிடிக்கும் வேலை. இரண்டு பேரையும் ஒரே அளவுகோலால் வகுத்தால் வரும் விடை எப்படிச் சமமாகும்?

கழகங்கள் சொல்லும் காரணத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இரண்டு மணி நேரத் தேர்வு ஒரு நாள் காய்ச்சலில் கெட்டுவிடும். ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் உயர்ந்தும் விடும். ஏழெட்டு ஆண்டுகளாக ஒருவர் ஒரே சீராகப் படித்திருக்கிறாரா என்பதைப் பழைய மதிப்பெண்கள் காட்டுகின்றன. தேர்வையே முழுக்க நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2003-ம் ஆண்டு உதாரணம்: வினாத்தாள் வெளியாகி, நவம்பரில் நடந்த 'கேட்' தேர்வே ரத்தாகி, 2004 பிப்ரவரியில் மறுபடி எழுத வைத்தார்கள். தவிரவும், முழுக்கத் தேர்வையே வைத்து ஆள் எடுத்தால் அதிகச் செலவில் பயிற்சி பெற்றவர்களுக்கே லாபம் என்ற வாதமும் உண்டு. நுழைவுத் தேர்வு கிராமத்து மாணவர்களைப் பாதிக்கிறது என்று சொல்லித்தானே தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் நுழைவுத் தேர்வை 2007-ல் எடுத்தார்கள்?

இந்த வாதத்தில் பாதி சரி. பட்டப்படிப்பு மதிப்பெண்ணைப் பார்ப்பது நியாயம். அப்போது பிள்ளைக்கு வயதும் விவரமும் வந்திருக்கும். பதினைந்து வயதில் எழுதிய பரீட்சையை இருபத்து மூன்று வயதில் கேட்பதுதான் உறுத்துகிறது. தாமதமாகப் புத்தி தெளிந்து, கல்லூரியில் முதல் வகுப்பு வாங்கிய பிள்ளை, பத்தாம் வகுப்பின் 62 சதவிகிதத்தை எங்கே போய் அழிப்பது? அந்த எண் நிரந்தரம். 'கேட்' தேர்வை வேண்டுமானால் அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம்.

கணக்கில் வராத வேலை

வேலை அனுபவத்துக்கும் புள்ளி உண்டு. மாதக் கணக்கில் ஏறிக்கொண்டே போய், மூன்று வருடத்தோடு நிற்கும் விதமாகத்தான் பெங்களூர்க் கழகத்தின் கணக்கு இருந்து வந்திருக்கிறது. அதற்கு மேல் பத்து வருடம் உழைத்தாலும் கூடுதல் புள்ளி இல்லை. பட்டம் பெற்ற பிறகு பார்த்த முழுநேரச் சம்பள வேலைக்குத்தான் மதிப்பு.

இங்கேதான் ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளின் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். கல்லூரிக்குப் போய்க்கொண்டே காலையில் பேப்பர் போட்டு, மாலையில் மளிகைக் கடையில் கணக்கு எழுதி, விடுமுறையில் சப்ளை வேலை பார்த்து வீட்டைத் தாங்கிய பையனுக்கு அந்த மூன்று ஆண்டு உழைப்பு பூஜ்யம். வீட்டுச் செலவில் நிம்மதியாகப் படித்து, பிறகு ஒரு கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்த பையனுக்கு மாதா மாதம் புள்ளி ஏறுகிறது. நிர்வாகம் என்றால் என்னவென்று இருவரில் யாருக்கு முதலில் தெரிந்திருக்கும்?

புள்ளியில் வராவிட்டாலும் அந்த உழைப்புக்கு ஓர் இடம் உண்டு, நேர்முகத் தேர்வு. இறுதித் தேர்வில் 'கேட்' மதிப்பெண்ணின் பங்கு சுருங்கி, நேர்முகத் தேர்வின் பங்கு பெரிதாகிறது. ஆமதாபாத்தில் அது சரிபாதியாகவே இருந்திருக்கிறது. சந்தையில் ஒரு கடை எப்படிக் கடனுக்குச் சரக்கு எடுத்து, எப்படி வசூல் செய்து, எப்படிச் சமாளிக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் சொல்லும் பதில், புத்தகத்தைப் படித்தவனின் பதிலைவிட எடுபடும். இந்தப் பிள்ளைகள் அந்த வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்குச் சில கழகங்கள் கூடுதல் புள்ளி தருகின்றன. கோழிக்கோடு கழகத்தில் 2013-ல் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்; நாடே திரும்பிப் பார்த்தது. என்ஜினீயர்கள் கூட்டமாக வருவதால், பி.காம்., பி.ஏ. படித்தவர்களைத் தனி வரிசையில் வைத்துப் பார்க்கும் வழக்கமும் ஆமதாபாத்தில் இருக்கிறது. ஆகவே காமர்ஸ் படித்த பெண் பிள்ளைக்கு வாய்ப்பே இல்லை என்று வீட்டில் உட்கார வைப்பது தவறு.

செலவும் கடனும்

பெங்களூர்க் கழகத்தில் இரண்டு ஆண்டுப் படிப்புக்குக் கட்டணம் 24 லட்சம் ரூபாய்க்கு மேல். கேட்டதும் தலை சுற்றும். ஆனால் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. பெரிய கழகங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு வங்கிகள் ஜாமீன் சொத்து இல்லாமலே கடன் தருகின்றன. 2024 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவிகித வட்டிச் சலுகையும் உண்டு. உண்மையில் பயப்பட வேண்டியது பெயர் தெரியாத கல்லூரிகளில் வாங்கும் கடனைப் பார்த்துத்தான். அங்கே இடம் சுலபம். வேலை கிடைப்பது சுலபமல்ல. வட்டி மட்டும் ஒன்றுபோல் ஓடும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் குறைவாக உள்ளவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதில்லை. 'கேட்' மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும் இடங்கள் பல. 2011-ல் தொடங்கிய திருச்சிக் கழகம், சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.பி.ஏ. படிப்பு இவை எல்லாம் உண்டு. ஒவ்வொன்றின் விதியும் வேறு. எந்த இடத்தில் பழைய மதிப்பெண்ணுக்குப் பங்கு குறைவு என்று பார்த்து அங்கே போடுவதுதான் புத்திசாலித்தனம். கர்நாடக அரசு நடத்தும் பி.ஜி.சி.இ.டி. தேர்வு வழியாக, குறைந்த கட்டணத்தில் உள்ளூரிலேயே எம்.பி.ஏ. படிக்கவும் வழி இருக்கிறது.

சான்றிதழ் விஷயம்

கடைசியாக, பெங்களூர்த் தமிழர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று. இட ஒதுக்கீடு. மத்திய அரசின் கழகங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவிகிதம், பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10. பிற்பட்டோர் ஒதுக்கீடு 2006-ல் சட்டமாகி, 2008 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்த பிறகு அமலுக்கு வந்தது. விண்ணப்பக் கட்டணத்திலும் வித்தியாசம் உண்டு. 2024-ல் பொதுவாக 2,500 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோருக்கு 1,250.

இங்கே பலர் கையில் வைத்திருப்பது கர்நாடக அரசின் 2-ஏ, 3-ஏ என்ற சான்றிதழ். அது மாநில அரசுக் கல்லூரிக்குத்தான் செல்லும். மத்தியக் கழகத்துக்கு மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். சாதியின் பெயர் மத்திய அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். 'கிரீமி லேயர்' வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். அதைக் கேட்டதுமே 'நமக்குச் சம்பளம் கூடுதல், கிடைக்காது' என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். மத்திய அரசின் விதிப்படி, அந்த வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. அரசாங்கத்தில் 'சி' குரூப்பில் வேலை பார்ப்பவரின் பிள்ளை, சம்பளம் காரணமாக மட்டும் வெளியே தள்ளப்படுவதில்லை. இது தெரியாமல் பொதுப் பிரிவில் எழுதி, ஒன்றிரண்டு பர்சன்டைலில் வாய்ப்பை விட்டால் அந்த ஆண்டு போனதுதான்.

தாழ்த்தப்பட்டோர் விஷயத்தில் இன்னொரு சிக்கல். குடும்பம் 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே இங்கே குடியிருந்ததா, அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் இருந்து வந்ததா என்பதைப் பார்ப்பார்கள். கண்டோன்மெண்ட் காலத்திலேயே வந்த குடும்பங்களுக்குக் கர்நாடகப் பட்டியல் பொருந்தும். பிறகு வந்தவர்களுக்குச் சொந்த மாநிலப் பட்டியல்தான். அவர்கள் கர்நாடக அரசின் சலுகையைக் கேட்க முடியாது. ஆனால் மத்தியக் கழகங்களின் ஒதுக்கீட்டை இழந்துவிடவில்லை. தந்தைக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த அசல் சாதிச் சான்றிதழைக் காட்டி, இங்குள்ள அதிகாரியிடமே பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கலாம் என்று மத்திய அரசின் உத்தரவு இருக்கிறது.

'கேட்' தேர்வுக்குப் பதிவு வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரோடு முடிகிறது. தாலுகா ஆபீசில் சான்றிதழுக்கு எத்தனை நாள் ஆகும் என்பது அங்கே வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். பிற்பட்டோர் சான்றிதழை நடப்பு நிதி ஆண்டுக்கே கேட்கிறார்கள் என்பதால் ஏப்ரல் பிறந்ததும் மனுப் போட்டுவிடலாம். ஊரில் சித்தப்பாவின் பெட்டியில் கிடக்கும் பழைய சான்றிதழுக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதிப் போடலாம்.